எலுமிச்சை அளவு புளி: எந்த எலுமிச்சை?

சமையல் புத்தகத்தைக் கதைப் புத்தகம் போல் படுத்துக்கொண்டு படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்தே பசியாறுகிறவர்கள் என்று வீட்டில் உள்ளவர்கள் கேலி செய்வார்கள். அலமாரியில் முப்பது புத்தகம் இருக்கும். அடுப்பில் என்னவோ வழக்கமான பருப்பும் பொரித்த மீனும்தான். தொலைக்காட்சியில் யாராவது கரண்டியைக் கையில் எடுத்துவிட்டால் போதும், இவர்கள் நாற்காலியை விட்டு எழமாட்டார்கள்.

பெட்டாலிங் ஜெயாவில் இப்படிப்பட்டவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டு கிள்ளான் பள்ளத்தாக்கில் 'பிக் பேட் வுல்ஃப்' மலிவு விலைப் புத்தக விற்பனை தொடங்கிய பிறகு, கனமான, பளபளப்பான வெளிநாட்டுச் சமையல் புத்தகங்களும் சாதாரணக் குடும்பங்களின் கைக்கு எட்டின. இத்தாலியச் சமையல், மொரோக்கோ சமையல், ஜப்பானியச் சமையல் என்று எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

இந்த ஆர்வத்தில் தவறு ஒன்றும் இல்லை. ஒரு நாட்டுக்குப் போகாமலேயே அந்த நாட்டு வீட்டின் அடுக்களைக்குள் நுழைந்து பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால், இந்தப் புத்தகப் பிரியர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டால் கொஞ்சம் தடுமாறிப் போவார்கள். அம்மா வைக்கும் மீன் கறி இந்த முப்பது புத்தகத்தில் எதில் இருக்கிறது?

பெட்டாலிங் ஜெயாவே 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் எழுந்த நகரம். இன்று இங்கே அடுக்குமாடியிலும் தரை வீட்டிலும் வாழும் தமிழர்களில் பலருக்கு, இரண்டு தலைமுறைக்கு முன்னால் போனால் எங்கோ ஒரு லயத்து வீட்டின் விறகடுப்பு இருக்கும். அந்த அடுப்பில் உருவான சமையல் தஞ்சாவூர்ச் சமையலும் அல்ல, மலாய்ச் சமையலும் அல்ல. பெருஞ்சீரகமும் வெந்தயமும் தாளித்த மீன் கறியில் பண்டான் இலையைக் கிள்ளிப் போட்டது. புளி கிடைக்காத நாளில் அசாம் கெப்பிங் இரண்டு துண்டைப் போட்டுச் சமாளித்தது. பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் கற்றுக்கொண்ட நெத்திலிச் சம்பாலில் கறிவேப்பிலையைச் சேர்த்தது. இதையெல்லாம் யாரும் ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டு செய்யவில்லை. கைப்பக்குவம் என்றார்கள். அந்தக் கை இருக்கும் வரைதான் அந்தப் பக்குவமும்.

கடிதங்களுக்குப் பதிலாக வந்த புத்தகம்

தமிழில் சமையல் புத்தகம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்தது. மீனாட்சி அம்மாள் தொழில்முறை எழுத்தாளர் அல்லர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். சமையலில் கைதேர்ந்தவர் என்பதால் உறவினர்களும் தெரிந்தவர்களும் 'இதை எப்படிச் செய்வது, அதற்கு எவ்வளவு போடுவது' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருப்பதைவிட ஒரு புத்தகமாகவே போட்டுவிடலாமே என்று ஊக்கம் கொடுத்தவர் குடும்பப் பெரியவரான கே.வி. கிருஷ்ணசாமி ஐயர்.

அந்தப் புத்தகத்தின் பெருமை அதில் உள்ள பலகாரங்களின் எண்ணிக்கையில் இல்லை. படிக்கிறவளுக்கு ஒன்றுமே தெரியாது என்று எடுத்துக்கொண்டு எழுதினாரே, அதில் இருக்கிறது. சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு, எத்தனை மிளகாய், எப்போது இறக்குவது என்று கணக்கு வைத்துச் சொன்னார். 'தேவையான அளவு' என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் புத்தகங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கடல் கடந்து போன மணப்பெண்களின் பெட்டியில், புடவைகளுக்கு நடுவே இந்தப் புத்தகமும் போனதாகச் சொல்லும் குடும்பங்கள் பல நாடுகளில் உண்டு.

ஆனால், அது சென்னைப் பிராமண வீட்டின் சைவச் சமையல். அதில் மீன் இல்லை, நண்டு இல்லை, கருவாடு இல்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. அவர் தம் வீட்டுச் சமையலை எழுதினார். மற்ற வீட்டுச் சமையலை அந்தந்த வீட்டார்தான் எழுத வேண்டும்.

இந்த வேலையைப் பக்கத்து நாடான சிங்கப்பூரில் சிலர் செய்திருக்கிறார்கள். மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்த எலிஸ் ஹாண்டி, பள்ளிக்கு நிதி திரட்டுவதற்காக 1952இல் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். அந்த வட்டாரத்தின் பல இன உணவுகளும் அதில் இடம்பெற்றன. 1974இல் லீ குவான் இயூவின் தாயார் தம் பெரானாக்கான் வீட்டுச் சமையலைப் புத்தகமாக்கினார். மாமியார் மருமகளுக்குக்கூட முழுதாகச் சொல்லிக் கொடுக்காமல் பொத்திப் பொத்தி வைக்கும் சமையல் அது என்பார்கள். அதை அச்சில் ஏற்றியது சிறிய காரியம் அல்ல.

ஆழாக்கு, பலம், கட்டி

சரி, எழுதிவிட்டால் மட்டும் போதுமா? எழுதியதைப் படித்துச் செய்தால் அதே ருசி வருமா? இங்கேதான் புத்தகப் பிரியர்கள் பலரும் சறுக்குகிறார்கள்.

'சமைத்துப் பார்' வந்த 1951இல் இந்தியாவில் மெட்ரிக் அளவை கிடையாது. அதற்கான சட்டம் 1956இல்தான் வந்தது. அன்று வீட்டிலும் கடையிலும் இருந்தவை ஆழாக்கு, படி, பலம், வீசை. ஒரு படிக்கு 8 ஆழாக்கு. ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லிலிட்டர். ஒரு வீசைக்கு 40 பலம். ஒரு வீசை சுமார் 1.4 கிலோ என்பதால் ஒரு பலம் 35 கிராம் ஆகிறது. ஆழாக்கைப் பார்த்தே இராத இன்றைய பெண் அதை 'ஒரு கப்' என்று எடுத்துக்கொண்டால் அரிசி ஒன்றரை மடங்காகிவிடும்.

மலாயாவில் கதையே வேறு. இங்கே கட்டியும் தாஹிலும். ஒரு கட்டி சுமார் 605 கிராம், அதற்கு 16 தாஹில். ஒரு தாஹில் 38 கிராம் அளவுக்கு வரும். ஊரிலிருந்து வந்த பாட்டிமார்களுக்குப் பலத்துக்கும் தாஹிலுக்கும் மூன்று கிராம்தான் வித்தியாசம்! அதனால் அதிகச் சிரமப்பட்டிருக்க மாட்டார்கள். மலேசியாவில் மெட்ரிக் அளவைக்கு வழி செய்த சட்டம் 1972இல் வந்தது. அதற்குப் பிறகும் பல காலம் பசாரில் 'அரைக் கட்டி இறால்' என்று கேட்கும் குரல் ஓயவில்லை. பாட்டியின் பழைய நோட்டில் 'கால்' என்று மட்டும் எழுதியிருந்தால், அது கால் கட்டியா கால் கிலோவா என்று விசாரித்த பிறகே மேலே போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே நூறு கிராம் இடைவெளி.

இன்றைய புத்தகங்களில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மேசைக்கரண்டி என்பது நம் நாட்டிலும் பிரிட்டனிலும் 15 மில்லிலிட்டர். ஆஸ்திரேலியாவில் அது 20. ஆஸ்திரேலியச் சமையல் இதழ்களைப் பார்த்துக் கேக் சுடுகிற வீடுகள் நம்மிடையே நிறைய. மூன்று மேசைக்கரண்டி என்றால் அங்கே 60, இங்கே 45. கேக் சரியாக வராததற்கு அடுப்பைத் திட்டிப் பயன் இல்லை. அமெரிக்கப் புத்தகத்தின் கப் 240 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆஸ்திரேலியக் கப் 250. புத்தகத்தை வாங்கியதும் படங்களைப் பார்ப்பதற்கு முன்னால், அது எந்த நாட்டில் அச்சானது என்று பார்ப்பது நல்லது.

இதற்கெல்லாம் மேலே இருக்கிறது தமிழர்களின் புகழ்பெற்ற அளவு: 'எலுமிச்சை அளவு புளி'. எந்த எலுமிச்சை? தமிழ்நாட்டில் கைக்கு அடக்கமாக இருக்கும் மஞ்சள் எலுமிச்சையா, நம் பசாரில் விற்கும் சின்னஞ்சிறு லீமாவ் நிப்பிஸா? புளியும் ஒன்றல்ல. ஊரில் கொட்டை எடுத்து வெயிலில் காயவைத்து, உப்புச் சேர்த்துப் பானையில் பழையதாக்கிய புளி. இங்கே பொட்டலத்தில் கிடைக்கும் அசாம் ஜாவா பெரும்பாலும் ஈரமாக, கொட்டையோடு இருக்கும். ஒரே அளவு உருண்டையில் இதற்கு ஒரு புளிப்பு, அதற்கு ஒரு புளிப்பு. மிளகாய் வற்றலும் அப்படித்தான். 'ஆறு வற்றல்' என்று சென்னைப் புத்தகம் சொல்லும். இங்கே நீளமான வற்றலை ஊறவைத்து அரைத்துச் சம்பால் செய்கிற வீட்டில், ஆறு என்பது நிறத்துக்குக்கூடக் காணாது.

ஆகவே, புத்தகத்தை அப்படியே நம்பிச் சமைத்து, வாயில் வைக்க முடியாமல் போனதும் 'எனக்குச் சமையல் வராது' என்று முடிவு கட்டிவிடுகிற இளம் பெண்களும் ஆண்களும் தங்களைத் தாங்களே குறை சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. பாதிக் குற்றம் கரண்டியின் மேல்.

திரையில் தெரியாத அரை மணி நேரம்

புத்தகத்தில் இல்லாத ஒன்று தொலைக்காட்சியில் இருக்கிறது. கை தெரியும். மாவு எவ்வளவு தளர்வாக இருக்க வேண்டும் என்பதை இரண்டு பக்கம் எழுதினாலும் விளங்காது. கரண்டியிலிருந்து ஒரு முறை ஊற்றிக் காட்டினால் விளங்கிவிடும்.

சமையல்காரரைத் தொலைக்காட்சியில் நிறுத்தலாம் என்று பிபிசி 1937லேயே கண்டுகொண்டது. அன்று தோன்றியவர் மார்செல் பூலெஸ்டின் என்ற பிரெஞ்சுக்காரர். அமெரிக்காவில் ஜூலியா சைல்ட் 1963 பிப்ரவரியில் பிரெஞ்சுச் சமையலைத் திரையில் சொல்லித்தரத் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள்தான் மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பே ஆரம்பமானது. 1982இல் பிபிசியில் இந்தியச் சமையலைக் காட்டிய மதுர் ஜாஃப்ரி, பச்சைக் கொத்தமல்லி போட்டு ஒரு கோழிக் கறி செய்தார். மறுநாள் மான்செஸ்டர் கடைகளில் கொத்தமல்லி தீர்ந்துபோனது என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள். நம் நாட்டில் செஃப் வான் திரையில் சிரித்துக்கொண்டே கிண்டியதைப் பார்த்துச் சட்டியைத் தூக்கியவர்கள் எல்லா இனத்திலும் உண்டு. கணக்காளராக இருந்துவிட்டு அடுப்படிக்கு வந்தவர் அவர்.

ஆனால், திரை ஒன்றை மறைக்கிறது. நேரத்தை மறைக்கிறது.

வெங்காயத்தை எடுத்துக்கொள்ளலாம். 'வெங்காயம் பொன்னிறமாகும் வரை வதக்கவும், ஐந்து நிமிடம்' என்று புத்தகம் சொல்லும். திரையில் ஒரு கிளறு, அடுத்த காட்சியில் பொன்னிறம். வெங்காயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவுக்குத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகும் வரை சட்டியில் உள்ள வெங்காயம் 100 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறாது. நிறமும் அந்தக் கறிவாசமும் வருவதற்கு 140 பாகை அளவு சூடு வேண்டும். அதனால்தான் வெங்காயம் முதலில் கண்ணாடியாகி, பிறகு துவண்டு, நீண்ட நேரம் ஒன்றுமே நடக்காதது போல் கிடந்து, கடைசியில் திடீரென்று சிவக்கிறது. ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை அல்ல இது. 2012இல் டாம் ஸ்கோக்கா என்ற அமெரிக்க எழுத்தாளர் 'ஸ்லேட்' இதழில், சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் வெங்காய விஷயத்தில் காலங்காலமாகப் பொய் சொல்லி வருகிறார்கள் என்று பொரிந்து தள்ளினார். அடுப்படியில் நின்று பார்த்தவர்களுக்கு அது புதிய செய்தி இல்லை!

ரெண்டாங்கும் அப்படித்தான். தேங்காய்ப் பால் வற்றி எண்ணெய் பிரிந்து, அந்த எண்ணெயிலேயே இறைச்சி வறுபட மணிக்கணக்கில் ஆகும். அரை மணி நேர நிகழ்ச்சியில் அது நடக்காது. 'முன்பே செய்து வைத்தது இதோ' என்று இன்னொரு சட்டி வரும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எல்லாம் சுலபம் என்று தோன்றும். செய்யப் போனால் பொறுமை போய்விடும். மறுபடியும் நாற்காலி. மைக்கேல் போலன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2009இல் சுட்டிக்காட்டியதும் இதைத்தான். ஜூலியா சைல்ட் காலத்தோடு ஒப்பிட்டால், அமெரிக்கர்கள் சமையலுக்குச் செலவிடும் நேரம் பாதிக்கும் கீழே போய்விட்டது. சமையல் நிகழ்ச்சிகளோ பெருகிவிட்டன. விஜய் தொலைக்காட்சியின் 'குக்கு வித் கோமாளி' 2019இல் தொடங்கியபோது நம் வீடுகளிலும் சிரிப்புக்குப் பஞ்சம் இல்லை. அதைப் பார்த்துவிட்டு எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது என்பது வேறு விஷயம்.

ரெண்டாங் என்றதும் 2018 நினைவுக்கு வராமல் போகாது. பிரிட்டிஷ் 'மாஸ்டர்செஃப்' போட்டியில் மலேசியரான ஸலேஹா காடிர் ஒல்பின் கோழி ரெண்டாங் செய்தார். கோழித் தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் கிரெக் வாலஸ் குறை சொன்னார். குழம்பில் வெந்த கோழித் தோல் எங்காவது மொறுமொறுக்குமா? மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் ஒரே குரலில் கொதித்தெழுந்தன. வேறு எதற்கும் இப்படி ஒற்றுமையாக இருந்ததாகத் தெரியவில்லை. எழுதி வைக்கப்படாத சமையலைப் பற்றி வெளியார் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு சுலபம் என்பதை அந்தச் சில விநாடிகள் காட்டிவிட்டன.

சுங்கை சிப்புட்டிலிருந்து

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. நாடே வீட்டுக்குள் இருந்தது. அந்த நாட்களில் பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு - பவித்ரா தம்பதியரின் யூடியூப் சமையல் காட்சிகள் பரவத் தொடங்கின. பெரிய அரங்கம் இல்லை, வெள்ளைத் தொப்பி இல்லை. சாதாரணத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்து அடுக்களை. கடையில் கிடைக்கும் சாதாரணப் பொருள்கள். பவித்ரா பணிவான மலாயில் பேசிக்கொண்டே சமைப்பார். சில மாதங்களுக்குள் லட்சக்கணக்கானோர் சேர்ந்துவிட்டார்கள். அன்றைய பிரதமர் முகிதீன் யாசினின் உரையிலும் பவித்ராவின் பெயர் இடம்பெற்றது.

அவர் தமிழில் செய்திருக்கலாமே என்று அப்போது சிலர் முணுமுணுத்தார்கள். அது அவர் விருப்பம். தோட்டப்புறத் தமிழர் வீட்டுச் சமையலை மலாய்க்காரரும் சீனரும் செய்து பார்த்தார்கள் என்றால், மொழியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கவனிக்க வேண்டியது வேறு. பக்கத்து வீட்டு அக்காள் செய்வதைப் போல் இருந்ததால்தான் மக்கள் நம்பினார்கள். அந்த அக்காள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார். அவரைப் பிடித்து வைக்கத்தான் ஆள் இல்லை.

அம்மாவின் கையை எடை போடுவது

சமையல் புத்தகம் சேர்க்கிறவர்கள் இந்த வேலைக்கு ஏற்ற ஆட்கள். ஒரு குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் மின்னியல் தராசு ஒன்று இருந்தால் போதும்.

'எவ்வளவு போடுகிறீர்கள்?' என்று அம்மாவிடம் கேட்டுப் பயன் இல்லை. 'கொஞ்சம்' என்பார். கேட்டதற்காக ஒரு கரண்டியைத் தேடி எடுத்து அளந்து போட்டால், அன்றைக்குக் கறியே கெட்டுப்போகும். அவர் வழக்கம் போல் அள்ளட்டும். அள்ளுவதற்கு முன்னால் கறித்தூள் டின்னை எடை போட வேண்டும், அள்ளிய பிறகு மறுபடியும் போட வேண்டும். எடுத்துக்காட்டாக, முதலில் 820 கிராம், பிறகு 775 என்றால் அந்தக் 'கொஞ்சம்' 45 கிராம். உப்பு ஜாடி, எண்ணெய்ப் போத்தல், புளி உருண்டை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். உப்பை மட்டும் கரண்டியில் எழுதவே கூடாது. ஒரு தேக்கரண்டித் தூள் உப்பு 6 கிராம் அளவுக்கு வரும். கல்லுப்பு என்றால் இடையில் காற்றுப் புகுந்து எடை குறையும்.

ஒரு முறை எழுதினால் போதாது. மூன்று முறையாவது நின்று பார்க்க வேண்டும். மூன்று முறையும் எடை மாறும். மாறினால் ஏன் என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். 'இன்றைக்கு மீன் கொஞ்சம் மெலிசு', 'இந்தத் தேங்காய் முற்றல்', 'அப்பாவுக்கு இரத்தக் கொதிப்பு' என்று பதில் வரும். எந்தச் சமையல் புத்தகத்திலும் கிடைக்காத பகுதி அதுதான். அதை எடையைவிடக் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும்.

கறித்தூள் கடையில் வாங்கியதா, ஆலையில் கொடுத்து அரைத்ததா என்பதையும் குறிக்க வேண்டும். கடைத் தூள் என்றால் எந்தப் பெயர் என்று எழுதாவிட்டால் மற்ற கணக்கெல்லாம் வீண். சட்டி மண்ணா, அலுமினியமா, எத்தனை பேருக்கு வைத்தது, அடுப்பு எப்போது தணிந்தது என்பவையும் வேண்டும். நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து எழுதலாம். கூடவே அம்மா எதைப் பார்த்து அடுத்த வேலைக்குப் போகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். சிலர் எண்ணெய் மேலே மிதப்பதைப் பார்ப்பார்கள். சிலர் பார்ப்பதே இல்லை, காதால் கேட்பார்கள். கடுகு வெடிப்பது அதற்குள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளப்பதால். அந்தச் சத்தம் அடங்குகிற இடம்தான் அடுத்ததைப் போட வேண்டிய இடம். கூடத்தில் உட்கார்ந்துகொண்டே 'வெந்தயம் கருகுது பார்' என்று சொல்லும் பாட்டிகள் மூக்கால் சமைக்கிறவர்கள்.

கைத்தொலைபேசியில் பதிவு செய்கிறவர்கள் முகத்தை எடுக்க வேண்டியதில்லை. கேமராவைக் கண்டதும் அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு அளந்து அளந்து பேசத் தொடங்கிவிடுவார். கையும் சட்டியும் தெரிந்தால் போதும். பாட்டுச் சேர்க்க வேண்டாம், தாளிக்கும் சத்தம் பதிவாகட்டும். வெட்டிச் சுருக்கவும் வேண்டாம். வெங்காயம் வதங்க இருபது நிமிடம் ஆனால் அந்த இருபது நிமிடமும் இருக்கட்டும். காத்திருக்கும் அந்த நேரத்தில், இந்தக் கறியை யாரிடம் கற்றார், அப்போது எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள், அன்றைக்கு என்ன மீன் கிடைத்தது என்று கேட்டால் சொல்லிக்கொண்டே கிண்டுவார். நோட்டின் மேலே தேதி, ஊர், சமைத்தவரின் பெயர் மூன்றையும் எழுதி, அந்த முப்பது புத்தகங்கள் இருக்கும் அலமாரியிலேயே வைத்துவிடலாம்.